பொட்டை ஒரு சாண் தள்ளி வைத்த அக்கா

அன்பான உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவருடைய செல்போன் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. அந்த எண்ணை நிறுத்திவிடலாம் என்று அக்காவின் மகள் சொன்னாள். எனக்கு மனம் வரவில்லை. இந்த மே மாதம் பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் அது அடிக்கத் தொடங்கியது. ஆண்டுதோறும் இந்தச் சமயத்தில் அக்காவுக்கு வருகிற அழைப்புகள்தான். செய்தி தெரியாத தூரத்து உறவுகள் சிலர். தெரிந்தும் பழக்க தோஷத்தில் அந்த எண்ணையே அழுத்திவிட்டவர்கள் சிலர். எல்லோரும் கேட்டது ஒன்றுதான். "பயலுக்கு இஞ்சினியரிங் ஒத்து வருமா? அதுக்கு என்னென்ன வேணும்?"

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பாத்திரக்கடை வைத்திருப்பவன். கணக்குப் பாடம் என் பக்கம் வந்ததில்லை, நானும் அதன் பக்கம் போனதில்லை. ஒரு குடத்தைத் தட்டிப் பார்த்து நல்லதா கெட்டதா என்று சொல்வேன். அதற்கு மேல் என்னிடம் கேட்டுப் பயனில்லை. ஆனால் ஒரு பொறியாளரை நான் பிறந்ததிலிருந்து பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அந்த அழைப்புகளுக்கெல்லாம் பதிலாக இந்த நினைவு மலரில் இதை எழுதுகிறேன். சொந்த அக்காவை இப்படியா வாய் பிளந்து புகழ்வது என்று யாராவது கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும். நான் வாய் பிளந்ததை மறைக்க விரும்பவில்லை.

அக்கா பிறந்தது வத்திராயிருப்பில். எங்கள் அப்பா அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அம்மா வீட்டையும் எங்கள் இருவரையும் இரண்டு எருமைகளையும் ஒரே குரலில் அதட்டிக் காப்பாற்றியவர். அப்பாவின் பஸ்ஸில்தான் அக்கா ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளிக்குப் போய்வந்தார். அந்த பஸ்ஸின் பின்கதவு அடிக்கடி சிக்கிக்கொள்ளும். மெக்கானிக் தாழ்ப்பாளை மாற்றிப் பார்த்தார், எண்ணெய் விட்டுப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் அக்கா அப்பாவிடம், "கூட்டமா இருக்கும்போது மட்டுந்தாம்ப்பா சிக்குது. காலி பஸ்ஸுல நல்லாத்தான் மூடுது" என்றார். அப்பா அதை மெக்கானிக்கிடம் சொல்ல, அவர் சிரித்துவிட்டு, சும்மாவாவது பார்ப்போம் என்று பஸ்ஸுக்கு அடியில் படுத்துப் பார்த்தார். ஆட்கள் ஏற ஏறப் படிக்கட்டுப் பக்கம் கொஞ்சம் தொய்ந்து கதவின் சட்டத்தை இழுத்துக்கொண்டிருந்தது. தாழ்ப்பாள் ஒரு பாவமும் அறியாதது.

நானும் அதே பஸ்ஸில்தான் போய்வந்தேன். அந்தக் கதவில் என் சட்டை கிழிந்ததைத் தவிர எனக்கு அதைப் பற்றி வேறொன்றும் தெரியாது.

அக்கா மெக்கானிக்கல் பிரிவில் சேரப் போகிறேன் என்றபோது பெரியப்பா வீட்டுக்கே வந்துவிட்டார். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குய்யா அந்தப் படிப்பு? படிச்சு முடிச்சு பஸ்ஸுக்கு அடியில படுக்கவா போறா?" என்று கேட்டார். அப்பா வெற்றிலையை மடித்தபடியே, "படுத்தாப் படுக்கட்டும்ணே. நம்ம பஸ்ஸாவது ஒழுங்கா ஓடும்" என்றார். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

கல்லூரியில் அக்கா உடனே கொடி நாட்டிவிடவில்லை. தமிழில் படித்துவிட்டுப் போனவருக்கு ஆங்கிலப் புத்தகங்கள் மலையாகத் தெரிந்திருக்கின்றன. முதல் பருவத்தில் கணக்கிலேயே தோற்றார். விடுமுறைக்கு வந்தவர் அழுவார் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அவர் தோற்ற பாடத்தை முதல் பக்கத்திலிருந்து போட்டுப் பார்க்கத் தொடங்கினார். ஒரு கணக்கு வரவில்லை என்றால் அதைப் படமாக வரைவார். படம் வந்துவிட்டால் கணக்கும் வந்துவிடும். பிற்காலத்தில் எந்தப் பிள்ளையின் பெற்றோர் வந்து கேட்டாலும், "கணக்கு வேணும். அதுல தள்ளுபடி கெடையாது" என்று முதலிலேயே சொல்லிவிடுவார். தோற்ற கதையையும் சேர்த்தே சொல்வார்.

படிப்பு முடிந்ததும் ராஜபாளையத்தில் அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டார். அத்தான் தபால் துறையில் வேலை பார்த்தவர்; அதிர்ந்து பேசாதவர். மனைவி எண்ணெய்க் கறையோடு வீட்டுக்கு வந்தால் சோப்பை எடுத்து நீட்டுகிற மனிதர். மருத்துவமனைகளுக்குப் பேண்டேஜ் துணி தயாரிக்கும் ஆலை ஒன்றில் அக்கா வேலைக்குச் சேர்ந்தார். தறியிலிருந்து வருகிற துணி அப்படியே காயத்துக்கு உதவாது. அதில் கஞ்சியும் பிசுக்கும் இருக்கும், தண்ணீரை உறிஞ்சாது. ஆள் உயரத்தைவிடப் பெரிய இரும்பு டேங்கில் காஸ்டிக் சோடா கலந்த தண்ணீரில் துணியை அடுக்கி, மூடியை முடுக்கி, நீராவி விட்டு மணிக்கணக்கில் வேகவைக்க வேண்டும். அதன் பிறகுதான் வெளுப்பார்கள். பால்கோவா வாங்க என் ஊருக்கு வருகிறவர்களுக்கு ராஜபாளையத்தில் அந்த ஆலை இருக்கும் தெரு தெரியாது. ஆனால் அவர்கள் வீட்டு மருந்துப் பெட்டியில் அந்தத் துணி இருந்திருக்கும்.

ஆரம்பத்தில் அக்காவுக்குத் துணி உலர்த்தும் பகுதியில் வேலை. அங்கே ஒரு புதுக் குழாய் அமைப்பை வரைந்து போட்டுக் கொடுத்தார். முதலாளி வந்து பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார். மறுநாள் பேச்சியம்மாள் என்கிற தொழிலாளி ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்று வால்வைத் திருப்புவதை அக்கா பார்த்தார். பேச்சியம்மாள் குள்ளம். அந்த வால்வை நாள் முழுக்கத் திருப்புகிறவரும் அவர்தான். அக்கா உடனே எல்லோரையும் கூப்பிட்டு, "இது நான் பண்ணுன தப்பு. படத்துல வால்வு இருந்துச்சு, பேச்சியக்கா இல்ல. நாளைக்கு எறக்கி வைக்கச் சொல்லுதேன்" என்றார். பாராட்டு வாங்கிய சூடு ஆறுவதற்குள் இப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும் என்று தெரியவில்லை. என் கடையில் அடிப்பக்கம் நசுங்கிய அண்டாவை விற்கும்போதுகூட நான் நசுங்கியதைச் சுவர்ப் பக்கம் திருப்பித்தான் வைப்பேன்.

மதியச் சோற்றைத் தொழிலாளர்களோடுதான் சாப்பிடுவார். அலுவலகத்தில் மேசையும் மின்விசிறியும் இருக்க, அங்கே எதற்குப் போய் உட்காருகிறாய் என்று அத்தான் ஒருமுறை கேட்டிருக்கிறார். "மெஷினுக்கு என்ன கோளாறுன்னு ஆபீஸ்ல யாருங்க சொல்லுதா? சோத்துப் பாத்திரத்தத் தொறந்த பொறவுதான் எல்லாம் வெளிய வருது" என்றாராம்.

இந்த நல்ல நாட்களுக்கு நடுவில் அத்தான் மாரடைப்பில் போய்விட்டார். மகள் அப்போது பள்ளிச் சிறுமி. காரியங்கள் முடிந்தன. அக்கா தானாகவே பொட்டு வைப்பதை நிறுத்திக்கொண்டார். அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. கொஞ்ச நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டில் இருந்தார். பிறகு ஒரு காலையில் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே, "ஏலே, நாளைக்கு வேலைக்குப் போறேன்" என்றார். போய்ச் சேர்ந்தபோது ஆலையில் துணி வேகவைக்கும் கொட்டகையைக் கவனித்துவந்த பொறியாளர் விலகியிருந்தார். அந்தக் கொட்டகையை அக்காவிடம் கொடுத்தார்கள். பேச்சியம்மாளும் அதற்குள் அங்கே மாறி வந்திருந்தார். அக்காவையும் மகளையும் தாங்க அந்த வேலையை விட்டால் வேறு கதியில்லை. இது உறவில் எல்லோருக்கும் தெரியும்.

சில வாரங்களில் ஆயுத பூஜை வந்தது.

அந்த வருடம் தொழிலாளர்களுக்குப் பித்தளைத் தட்டுகள் பரிசாகக் கொடுக்க முதலாளி என் கடையில் சொல்லியிருந்தார். தட்டுகளை வேனில் ஏற்றிக்கொண்டு நானே போனேன். ஆகவே இனி சொல்லப்போவது கேள்விப்பட்டதல்ல, கண்ணால் பார்த்தது.

கொட்டகையைக் கழுவி மாக்கோலம் போட்டிருந்தார்கள். வாசலில் வாழைமரம். நடுவில் அந்தப் பெரிய டேங்க். தொழிலாளர்கள் அதை டேங்க் என்று சொல்வதில்லை, ஆத்தா என்பார்கள். அதன் முன்பக்கத்தில் குழாய் நுழைகிற வாயைச் சுற்றி ஒரு இரும்பு வளையத்தை வெல்டிங்கில் பற்றவைத்திருப்பார்கள். அந்த வளையத்தில்தான் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைப்பார்கள். ஆத்தாவின் நெற்றி அது. கொட்டகையின் மூத்த தொழிலாளி மாரியப்பண்ணன்தான் வைப்பார். அவருக்கு முன் அவருடைய அப்பா வைத்திருக்கிறார்.

அக்கா டேங்கைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். முன்னால் நின்று பார்த்தார். பின்னால் போனார். மறுபடி முன்னால் வந்தார். வளையத்தை விரலால் தடவினார். பிறகு மாரியப்பண்ணனிடம் தணிந்த குரலில், "அண்ணே, பூஜைக்கு முன்னால இந்தப் பழைய பொட்டச் சொரண்டி எடுக்கணுமே" என்றார்.

எல்லோரும் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

பேச்சியம்மாள்தான் முதலில் பேசினார். "இஞ்சினியரம்மா, நல்ல நாளும் அதுவுமா ஆத்தா நெத்தியில கை வைக்காதீங்க. எங்களுக்குப் பயமா இருக்கு." அவர் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் பின்னாலிருந்து வேறொரு குரல் வந்தது. "தனக்குப் பொட்டு போச்சுன்னு ஆத்தா பொட்டையுமா அழிக்கணும்?"

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வீட்டில் அனைவருக்கும் தெரியும். கையிலிருந்த தட்டுக் கட்டைக் கீழே போட்டுவிட்டு யார் அது என்று பாய்ந்தேன். அக்கா என் பக்கம் திரும்பாமலே, "ஏலே, நீ செத்த நேரம் சும்மா இரி" என்றார். அந்தக் குரலில் நடுக்கம் இருந்ததா என்று எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். இருந்திருக்கும். எனக்குக் கேட்கவில்லை.

முதலாளி முன்னால் வந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் வந்தால் மட்டும் ஆலையிலும் தெலுங்குக்கு மாறுவார். அன்று தமிழில்தான் பேசினார். "பூஜை நாள்ல தகராறு வேண்டாம்மா. நாளைக்கு விஜயதசமி, நல்ல நேரத்துல ஆத்தாவச் சூடேத்தணும். அப்புறம் மெதுவாப் பாத்துக்கலாம்."

"பூஜை நடக்கட்டுங்கய்யா. நானும் கும்பிடுதேன்" என்றார் அக்கா. "ஆனா இத எடுக்காம நாளைக்கு ஸ்டீம் விட நான் சம்மதிக்க மாட்டேன். வேற யாரையாவது வச்சு விடுறதா இருந்தா, அதுக்கு முன்னால என்னை அனுப்பிருங்க."

முதலாளி இரண்டு வார்த்தை தெலுங்கில் முணுமுணுத்தார்.  அக்கா மகளின் பள்ளிக்கூடம், வீட்டு வாடகை எல்லாம் எனக்குக் கண்முன் வந்தன. ஒரு பொட்டுக்காக வேலையை விடுகிறாளே, இவளுக்கு என்ன பிடித்திருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

அக்கா அதற்கு மேல் முதலாளியிடம் வாதாடவில்லை. மாரியப்பண்ணனைப் பார்த்து, "அண்ணே, செத்த பின்னால வாங்க. ஒண்ணு காட்டுதேன். பாத்துட்டு நீங்க என்ன சொல்லுதீகளோ சொல்லுங்க" என்றார். நானும் பின்னால் போனேன். டேங்கின் பின்பக்கத்திலும் ஒரு குழாய்வாய் இருந்தது. அதைச் சுற்றியும் அதே மாதிரி வளையம். அந்த வளையத்தில் பென்சில் நுழைகிற அளவுக்கு ஒரு துளை இருந்தது.

"இதே மாதிரி முன்னால உள்ள வளையத்துலயும் ஒரு ஓட்டை இருக்கணும்லண்ணே? ரெண்டும் ஒரே மாதிரி செஞ்சதுதான. அங்க ஏன் காணும்?"

மாரியப்பண்ணன் குனிந்து துளையைத் தொட்டுப் பார்த்தார். அக்கா சாக்பீஸை எடுத்துத் தரையில் உட்கார்ந்து வரைந்தார். டேங்கின் சுவர் ஒரு கோடு. அதன்மேல் ஒட்டினாற்போல் வளையம். குழாய்க்காகச் சுவரில் ஓட்டை போட்டதால் அந்த இடம் பலவீனமாகும். அதற்குத் தாங்கலாகத்தான் இந்த வளையம். உள்ளே பற்றவைத்த இடத்தில் விரிசல் விட்டால் காஸ்டிக் தண்ணீர் சுவருக்கும் வளையத்துக்கும் நடுவில் வந்து நிற்கும். வெளியே யாருக்கும் தெரியாது. துளை திறந்திருந்தால் அந்த வழியாக முதலில் சொட்டும். சொட்டினால் நீராவியை நிறுத்திவிட்டு ஆட்கள் ஒதுங்கலாம். துளை அடைபட்டிருந்தால் விரிசல் முற்றி, கொதிக்கிற தண்ணீரோடு குழாய் பிய்த்துக்கொண்டு வருகிற அன்றைக்குத்தான் தெரியும். இவ்வளவையும் அக்கா கூட்டல் கழித்தல் சொல்லித் தருகிற பொறுமையோடு சொன்னார். எனக்கே புரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாரியப்பண்ணன் படத்தில் இருந்த வளையத்தின் மேல் விரலை வைத்தார். குங்குமம் நிற்பதற்கு வாகாக ஒரு குழி இருக்கிறதே என்று அவருடைய அப்பா அங்கே வைக்கத் தொடங்கியிருக்கிறார். வருடா வருடம் பொட்டு, அதன்மேல் பெயிண்ட், அதன்மேல் பொட்டு. அப்படியே துளை மூடிக்கொண்டது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததல்ல. பயபக்தியோடு செய்தது.

கடைசியில் அவர் சொன்னார்: "அப்பம் ஆத்தா பேசுத வாய நாமதான் அடச்சு வச்சிருக்கோமா?"

அக்கா தலையை ஆட்டினார். அவ்வளவுதான். மாரியப்பண்ணன் எழுந்து முன்பக்கம் வந்தார். யாரிடமும் எதுவும் சொல்லாமல் சூடம் ஏற்றினார். கைகூப்பி, "தெரியாமச் செஞ்சுட்டோம் தாயி" என்று முணுமுணுத்தார். பிறகு ஒரு துண்டுக் கம்பியை எடுத்துத் தன் கையாலேயே சுரண்டத் தொடங்கினார். குங்குமம் உதிர்ந்தது, சந்தனம் பொருக்குப் பொருக்காக விழுந்தது. பச்சைப் பெயிண்ட், அதற்குள் மறுபடி சந்தனம், அதற்குள் சாம்பல் நிறப் பெயிண்ட். கம்பி உள்ளே நுழைந்து இரும்பில் தட்டிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அக்கா குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே காய்ந்துதான் இருந்தது.

"ஒண்ணுமே இல்லையேம்மா" என்றார் முதலாளி.

"ஒண்ணுமில்லன்னு இப்பத்தான் நமக்குத் தெரியுதுங்கய்யா" என்றார் அக்கா.

மாரியப்பண்ணன் கம்பியைத் துடைத்துக்கொண்டே, "அது சரிம்மா. ஆத்தாவுக்கு இனி பொட்டு எங்க வைக்க?" என்று கேட்டார். அக்கா சாக்பீஸை எடுத்துக்கொண்டு போய், துளையிலிருந்து ஒரு சாண் தள்ளி டேங்கின் மேல் வட்டம் ஒன்று போட்டார். "இங்க வைங்கண்ணே. ஆத்தாவுக்கு நெத்தி பெருசு."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் கொட்டகைக்கு மூச்சு வந்தது. மாரியப்பண்ணன் சிரிக்கவில்லை. சந்தனத்தை வட்டத்துக்குள் அப்பினார். குங்குமக் கிண்ணத்தை எடுத்தவர் அதை அக்காவிடம் நீட்டினார்.

அக்கா பின்வாங்கினார். "நான் வேண்டாம்ணே." அந்த ஒரு முறைதான் அவர் குரல் உடைந்து கேட்டேன்.

"நீங்கதான் வைக்கணும்" என்றார் அவர். பேச்சியம்மாள் வந்து அக்காவின் கையைப் பிடித்துக் கிண்ணத்தில் தோய்த்துவிட்டார். கணவனை இழந்து சில மாதங்களே ஆன ஒரு பெண், அத்தனை பேர் பார்த்திருக்க, ஆத்தாவின் நெற்றியில் குங்குமம் வைத்தார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எழுதும்போது இப்போதும் சிலிர்க்கிறது. பின்னாலிருந்து பேசிய ஆள் யார் என்று அக்கா கடைசிவரை விசாரிக்கவில்லை. நான் விசாரித்து வைத்திருந்தேன், அவர் கேட்கவில்லை.

சில ஆண்டுகள் கழிந்தன. அக்கா மதியச் சோற்றைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருநாள், டேங்க் கொதிநிலையில் இருக்கும்போது, பொட்டுக்குப் பக்கத்துத் துளையிலிருந்து பழுப்பாக ஒரு சொட்டு வழிந்ததைப் பேச்சியம்மாள் பார்த்தார். "ஆத்தா பேசிட்டா" என்று கத்தினாராம். மாரியப்பண்ணன் ஓடிப்போய் நீராவியை அடைத்தார். எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள். அக்கா வந்து சேரும்போது செய்ய வேண்டிய அனைத்தையும் அவர்கள் செய்து முடித்திருந்தார்கள். டேங்க் ஆறிய பிறகு திறந்து பார்த்தால், குழாய்வாயைச் சுற்றிப் பற்றவைத்த இடத்தில் விரிசல் பாதி தூரம் ஓடியிருந்தது. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. முதலாளி வந்து விரிசலைப் பார்த்தார். அன்று அவர் எந்த மொழியிலும் பேசவில்லை.

அன்று மாலை நான் போனபோது அக்கா கொட்டகை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார்.  டீ வாங்கிக் கொடுத்தேன். "பேச்சியக்காதான்லே பாத்தாக. குள்ளமா இருக்கதுனால அவியளுக்குத்தான் அது கண்ணுக்கு நேரா இருக்கு" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். தான் செய்ததைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. ஓடிப்போய் ஊரெல்லாம் சொன்னது நான்தான்.

இதற்குப் பிறகுதான் உறவில் யார் பிள்ளை பிளஸ் டூ முடித்தாலும் அக்காவுக்குப் போன் போட ஆரம்பித்தார்கள். எத்தனை மதிப்பெண் என்று அக்கா கடைசியில்தான் கேட்பார். முதல் கேள்வி எப்போதும் வேறு மாதிரி இருக்கும். "வீட்டுல மிக்ஸி நின்னுபோனா உம் மகன் என்ன செய்வான்?" என்பார். தேவதானத்துச் சித்தி ஒருமுறை, "அவன் அந்தப் பக்கமே போகமாட்டான், அம்புட்டு நல்ல பிள்ள" என்று பெருமையாகச் சொன்னார். அக்கா சிரித்துக்கொண்டே, "அப்பம் வேற படிப்பு பாருங்க சித்தி. திட்டு வாங்குனாலும் கழட்டிப் பாக்கணும்" என்றார். இன்னொரு பெண் எல்லாவற்றையும் கழற்றுவாள், திரும்ப மாட்டத் தெரியாது என்று அவள் அம்மா புகார் சொன்னபோது, "மாட்டுறதத்தான் காலேஜ்ல சொல்லித்தருவாங்க. அனுப்புங்க" என்றார். அந்தப் பெண் இன்று பாலம் கட்டும் பணியில் இருக்கிறாள். இந்த மலரும் அவளுக்குப் போகிறது.

பிறகு பிள்ளைகளிடமே பேசுவார். தான் நினைப்பதைப் படமாக வரையத் தெரிய வேண்டும், அந்தப் படத்தைப் படிக்காதவருக்கும் புரியவைக்கத் தெரிய வேண்டும் என்பார். நாலு பேரோடு சேர்ந்து சாப்பிடத் தெரியாதவன் மெஷினையும் கவனிக்க மாட்டான் என்பது அவருடைய தீர்மானமான கட்சி. புதிதாக எது வந்தாலும் கற்றுக்கொள்ள வெட்கப்படக் கூடாது என்பார். சொன்னதைச் செய்தும் காட்டினார். கம்ப்யூட்டரில் வரைபடம் போடுவது வந்தபோது, தலை நரைத்த பிறகு, கல்லூரிப் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து கற்றார். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் அவர் தலைக்கு மேல் பாடம் ஓடுகிறது என்று நினைத்திருப்பார்கள். படிப்பு முடிந்த அன்று அவர்களுடைய வரைபடங்களைத் திருத்திக்கொண்டிருந்தது அக்காதான்.

முடியாது என்று சொல்லத் தெரிய வேண்டும் என்று மட்டும் அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. அது சொல்லித் தருகிற பாடம் இல்லை என்று நினைத்தாரோ என்னவோ. நான் சொல்கிறேன், அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. எனக்கு அன்று கண்முன் வந்த பள்ளிக்கூடமும் வாடகையும் அவருக்கும் வந்திருக்கும். அவற்றைப் பார்த்தபடியேதான் முடியாது என்றார்.

ஓய்வுபெற்ற பிறகு நோய் வந்தது. மதுரையில் மருத்துவமனையில் படுத்திருந்தபோதும் மருந்து ஏற்றும் கருவி ஏன் சத்தம் போடுகிறது என்று நர்ஸைக் கேட்டுத் துளைத்துவிட்டார். இரண்டாம் நாள் அந்த நர்ஸே, "அம்மா, பக்கத்து பெட்ல சத்தம் போடுது, எதுக்குன்னு தெரியல" என்று வந்து கேட்டார். மருத்துவமனை போதும் என்று ராஜபாளையம் வீட்டுக்குத் திரும்பினார். போன வருடம் ஆனி மாதத்தில் ஒரு காலை, மகள் கையில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, கண் மூடினார்.

அன்று கொட்டகையிலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். பேச்சியம்மாள் முந்தானையில் முடிந்து குங்குமம் கொண்டுவந்திருந்தார். அக்காவின் நெற்றியில் வைக்கப்போனபோது நம் பெரியவர்கள் சிலர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஆத்தாவுக்கே பொட்டு வச்ச கை இவியளுக்கு" என்றார் பேச்சியம்மாள். யாரும் தடுக்கவில்லை. அப்படியே அக்கா போனார்.

போன ஆயுத பூஜைக்கு என்னை அழைத்திருந்தார்கள். மாரியப்பண்ணன் இப்போது வேலையில் இல்லை. பூஜைக்கு மட்டும் வந்து நிற்கிறார். புதுப் பொறியாளரும் புதுத் தொழிலாளர்களும். டேங்கும் புதிது. ஆனால் அதன் நெற்றியில் துளையிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு சிவப்பு வட்டம் வரைந்திருந்தது. பூஜைத் தட்டில் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம், பூ. அவற்றுக்குப் பக்கத்தில் மஞ்சள் தடவிய ஒரு துண்டுக் கம்பி. முதலில் கம்பியை எடுத்துத் துளைக்குள் விட்டுப் பார்த்தார்கள். திறந்திருக்கிறது என்று ஒருவர் உரக்கச் சொன்னார். அதன் பிறகுதான் பொட்டு. புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம், எதற்கு இப்படி என்று கேட்டேன். "எங்க வழக்கம்ங்கய்யா. ஆதியில இருந்தே இப்படித்தான்" என்றார். அக்கா பெயர் அவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. தெரியாமலே செய்கிறார்களே என்று எனக்குள் அப்படியொரு வியப்பு. 

அக்காவின் நோய்க் காலத்தில் இரவும் பகலும் உடனிருந்த மகளுக்கும், வத்திராயிருப்பிலிருந்து வந்து சமைத்துப் போட்ட மதினிமார்களுக்கும், மருத்துவர்களுக்கும், கேள்விகளுக்கு முகம் சுளிக்காத அந்த நர்ஸ் பிள்ளைக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும், ஆலைத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அன்று முணுமுணுத்தாலும் அக்காவை அனுப்பாமல் வைத்துக்கொண்ட முதலாளிக்கும் நன்றி.

இன்று நினைவு நாளில் வீட்டில் அக்காவின் படத்துக்கு முன்னால் விளக்கும் பூவும் பழமும் வைத்திருக்கிறோம். பக்கத்தில் ஒரு துண்டுக் கம்பியும் இருக்கும். மாரியப்பண்ணன் கொண்டுவந்து தந்தது. முதன்முதலில் சுரண்டிய அதே கம்பி. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதாக நினைத்து அதை எடுத்துவிட வேண்டாம். பிள்ளைகள் யாராவது அதைக் கையில் எடுத்து, இது எதற்கு என்று கேட்டால், அந்தப் பிள்ளையை மட்டும் என்னிடம் அனுப்பிவையுங்கள்.